பூ உதிர்ந்த பிறகு ஆறு வாரம்

அவைக்கு வணக்கம்.

குளிர்காலத்தின் கடைசி நாட்களில் ஊர் எப்படி இருக்கும்? மொட்டை மரங்கள், வெளிறிய புல், எங்கும் சேறு. அந்த நேரத்தில் சாலையோரத்தில் டாஃபடில் என்ற வசந்தகாலப் பூ மஞ்சளாகப் பூத்து நின்றால், பேருந்துக்குக் காத்திருப்பவரின் முகமே மாறிவிடுகிறது. சொந்தத் தோட்டம் உள்ளவர் இந்த மஞ்சளைத் தன் வீட்டிலேயே வளர்த்துக்கொள்வார். அடுக்குமாடியில் ஒற்றை அறையில் இருப்பவருக்கு? பூங்காவும் ரவுண்டானாவும் சாலையோரப் புல்லும்தான் அவருடைய தோட்டம். அதனால்தான், பொது இடத்தில் பூ நடுவதை வெறும் அலங்காரம் என்று யாராவது ஒதுக்கினால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, வேலைக்கு வருவோம். டாஃபடில் கிழங்கிலிருந்து முளைப்பது. வசந்தத்தில் பூக்க வேண்டுமானால் அந்தக் கிழங்கை அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே மண்ணில் இறக்கிவிட வேண்டும். மண் உறைவதற்குள் வேர் ஓட வேண்டும். அப்புறம் பல வாரம் குளிர் பட வேண்டும். குளிர் போதாவிட்டால் தண்டு ஒழுங்காக நீளாது. ஆழம், கிழங்கின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது, அழுகிவிடும். இலை உதிர்க்கும் மரங்களின் அடி நல்ல இடம். மரம் துளிர்த்து நிழல் கட்டுவதற்குள் இதற்கு வேண்டிய வெயிலில் பெரும்பகுதி கிடைத்துவிடும். புல்வெளியில் வரிசை பிடித்து நடாதீர்கள். ஒரு கை கிழங்கை அள்ளி வீசி, விழுந்த இடத்திலேயே நடுங்கள். தானாக முளைத்ததுபோல் இருக்கும்.

டாஃபடிலில் லைகோரின் என்ற நச்சு இருப்பதால் அணிலும் மானும் பெரும்பாலும் தொடுவதில்லை. பொது இடத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் கிழங்கு பார்ப்பதற்கு வெங்காயம் போலவே இருக்கும், சமையலறைப் பக்கம் வைத்துவிடாதீர்கள். இதே செடியில் உள்ள கேலன்டமைன் என்ற பொருள், நினைவாற்றலைக் குலைக்கும் அல்சைமர் நோய்க்கு மருந்தாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பூ உதிர்ந்த பிறகு நடப்பதைப் பற்றி. பூ போனதும் இலை சாயும், மஞ்சளாகும், பார்க்க அலங்கோலமாக இருக்கும். உடனே புல்வெட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. அங்கேதான் அடுத்த ஆண்டின் பூவை நாம் இழக்கிறோம். அந்த இலைகள்தான் வெயிலை வாங்கி உணவு தயாரித்துக் கிழங்கில் சேர்க்கின்றன. அந்தச் சேமிப்பிலிருந்துதான் அடுத்த மொட்டு உருவாகிறது. குறைந்தது ஆறு வாரம் இலையை விட்டுவைக்க வேண்டும். அழகுக்காக முடிச்சுப் போடுவதும் கூடாது, மடிந்த இலைக்கு வெயில் சரியாகப் படாது. ஓரிரண்டு ஆண்டு இப்படி வெட்டிவிட்டு, “மண் சரியில்லை, பூக்கவில்லை” என்று மண்ணைக் குறை சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நியூயார்க் நகரத்தைப் பாருங்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஒரு டச்சுக் கிழங்கு வணிகர் 5 லட்சம் டாஃபடில் கிழங்குகளை அனுப்பினார். தன்னார்வலர்கள் இறந்தவர்களின் நினைவாக அவற்றைப் பூங்காக்களில் நட்டார்கள். அந்தப் பணி ஒரே ஆண்டோடு நிற்கவில்லை. பொது இடத்தில் நடுவதாகச் சொல்பவர்களுக்குக் கிழங்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது. 2007-இல் டாஃபடில் அந்த நகரின் அதிகாரபூர்வ மலரானது. துக்கத்தில் இருந்த ஊர் மண்ணைக் கிளறிப் பூ நட்டது என்பது என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

நம் குழுவிடம் நான் கேட்பது இரண்டு. நட்ட இடங்களின் வரைபடத்தைப் புல்வெட்டும் பணியாளர்களிடம் முன்கூட்டியே கொடுங்கள்; “இலை காயும்வரை வெட்ட வேண்டாம்” என்று அங்கே ஒரு சிறு பலகையும் வையுங்கள். இரண்டாவது, சில ஆண்டுகளில் கிழங்குகள் நெருக்கியடித்துப் பூ குறையத் தொடங்கும். இலை காய்ந்ததும் தோண்டிப் பிரித்து, மிஞ்சியதை இன்னும் பூவே இல்லாத தெருக்களுக்குக் கொடுங்கள். எந்தத் தெரு முதலில் என்று இன்றே பேசி முடித்துவிடலாம்.