அந்தச் சொல் அப்போது இருந்ததா?

பெரியோர்களே, ஆசிரியர்களே, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உலக வரலாற்றுக் கலைச்சொற்கள் என்று கேட்டால் கடையிலேயே பட்டியல் கிடைக்கும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். அதை நெட்டுருப் போட்டவர்களும் தேர்வில் வழுக்குகிறார்கள். ஞாபகக் குறைவு அதற்குக் காரணம் இல்லை. ஆக்சிஜன் என்றால் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஆக்சிஜன்தான். பேரரசு, புரட்சி, நிலமானியம் எல்லாம் அந்தச் சாதிச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஆண்டில், யாரோ ஒருவர் ஒட்டிய சீட்டு. ஆகவே எந்தச் சொல்லைக் கண்டாலும் முதலில் கேளுங்கள்: அந்தச் சொல் அப்போது இருந்ததா? இல்லையென்றால் ஒட்டியவர் யார்?

பைசாந்தியப் பேரரசை எடுத்துக்கொள்ளுங்கள். 1453 மே 29 அன்று அதன் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் ஒட்டோமானியத் துருக்கரிடம் வீழ்ந்தது. அன்று கோட்டைக்குள் இருந்தவர்களிடம் "நீங்கள் பைசாந்தியரா?" என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள். கடைசி நாள்வரை அவர்கள் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஹிரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் 1557-இல் வெளியிட்ட தொகுப்பு வழியாகத்தான் பைசாந்தியம் என்ற பெயர் வரலாற்று நூல்களுக்குள் வந்தது. அது பரவலாகப் புழங்க இன்னும் பல தலைமுறை ஆயிற்று. ஆள் போய் நூறு வருடம் கழித்துப் பெயர் சூட்டு விழா!

"இடைக்காலம்" என்பதும் அப்படித்தான். 1200-இல் வாழ்ந்த எந்தப் பிரெஞ்சு உழவனும் தான் இடையில் வாழ்வதாக நினைக்கவில்லை. பழைய ரோமின் பெருமையில் மயங்கிய இத்தாலிய அறிஞர்கள்தான், அந்தப் பொற்காலத்துக்கும் தங்கள் காலத்துக்கும் நடுவில் ஒரு தாழ்வு இருந்ததாகப் பின்னாளில் கோடு கிழித்தார்கள். அந்தக் கோட்டைச் சீனாவுக்கு நீட்டினால் என்ன ஆகும்? 618 முதல் 907 வரை ஆண்ட டாங் மரபு சீனக் கவிதைக்கும் வணிகத்துக்கும் உச்சம். அதை "இடை" என்று சொல்ல அங்கே காரணமே இல்லை.

இனி காலச் சொற்கள். இங்கேதான் அதிக மதிப்பெண் போகிறது. கி.பி. ஆண்டு என்றால் நூறுகளின் எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள்: 1757 என்றால் 18-ஆம் நூற்றாண்டு. இரண்டு சுழியில் முடியும் ஆண்டுக்கு மட்டும் கூட்டக்கூடாது. 1800-உம் 18-ஆம் நூற்றாண்டுதான். கி.மு.வில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டு என்பது 500-இல் தொடங்கி 401-இல் முடிகிறது. கி.மு. 490-இல் நடந்த மாரத்தான் போர் அதன் முற்பகுதி. சாக்ரடீஸ் நஞ்சருந்திய கி.மு. 399 அடுத்த நூற்றாண்டில் விழுந்துவிடும்.

கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. நடுவில் சுழியம் ஆண்டு கிடையாது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பர் 23, இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட் 19. வயது என்ன? 63-ஐயும் 14-ஐயும் கூட்டினால் 77. இல்லாத சுழியத்துக்காக ஒன்றைக் கழித்தால் 76. அந்த ஆண்டுப் பிறந்தநாளுக்கு இன்னும் 35 நாள் இருந்ததே! ஆகவே 75. கூட்டிய கையோடு எழுந்துபோகிறவர் இரண்டு வயதைக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறார். பாடநூலில் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்), பொ.ஆ. (பொது ஆண்டு) என்று அச்சிட்டிருந்தாலும் கணக்கு இதேதான், எழுத்துகள்தான் வேறு.

நாள்காட்டி இன்னொரு குழி. அக்டோபர் புரட்சியின் ஆண்டுவிழாவைச் சோவியத் நாடு நவம்பரில் கொண்டாடியது. ரஷ்யாவில் அப்போது ஜூலியன் நாள்காட்டி. அதன்படி 1917 அக்டோபர் 25, நம் கிரிகோரியன் கணக்கில் நவம்பர் 7. வித்தியாசம் 13 நாள். இதைப் படித்துவிட்டு எல்லா ரஷ்யத் தேதிக்கும் 13 கூட்டுகிறார்கள், தவறு. 19-ஆம் நூற்றாண்டுக்கு 12 நாள்தான். 1861 பிப்ரவரி 19 அன்று வந்த பண்ணையடிமை ஒழிப்பு, நம் கணக்கில் மார்ச் 3. இங்கிலாந்துப் பழைய ஆவணம் பார்ப்பவருக்கு இன்னொரு தொல்லை: 1752-க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட நாளை நாம் 1649 ஜனவரி 30 என்கிறோம். அன்றைய ஆங்கில ஆவணங்களில் அது 1648. அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

அடுத்து, தமிழில் மிகவும் குழப்பும் சொல்: நிலமானிய முறை, ஆங்கிலத்தில் ஃபியூடலிசம் (feudalism). மானியம் என்றதும் இன்று நினைவுக்கு வருவது எரிவாயு சிலிண்டர். "அரசன் உழவருக்கு நிலத்தை மலிவாகக் கொடுத்த முறை" என்று விடை எழுதுவதும் அதனால்தான். பழைய வழக்கில் மானியம் வேறு. கோயிலுக்கோ, ஊழியம் செய்பவருக்கோ வரி நீக்கி விட்ட நிலம் அது. அந்தப் பொருளில் மொழிபெயர்த்தவர் சரியாகவே பிடித்திருக்கிறார். மேற்கு ஐரோப்பாவில் பிரபு ஒருவர் தனக்குக் கீழ்ப்பட்ட வீரருக்கு நிலம் கொடுத்தார். வாங்கியவர் விசுவாசப் பிரமாணம் செய்து, குதிரையோடும் ஆயுதத்தோடும் போருக்கு வந்தார். ஆண்டுக்கு 40 நாள் என்பது பல இடங்களில் வழக்கம்.

இது ஆயுதம் பிடித்தவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல். அதற்குக் கீழே பண்ணை என்ற தனி அடுக்கு இருந்தது. அங்கே உழவன் வாரத்தில் சில நாள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைத்தான், மற்ற நாள் தன் துண்டு நிலத்தில். இந்த இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கி எழுதுவதுதான் பெரும்பாலான விடைத்தாள்களின் நோய். "பண்ணையடிமை" என்ற சொல்லில் அடிமை ஒட்டிக்கொண்டிருப்பதும் வம்பு. அடிமையைச் சந்தையில் தனியாக விற்கலாம். பண்ணையடிமை மண்ணோடு கட்டுண்டவன். நிலம் கைமாறினால் அவனும் அதோடு கைமாறுவான். ரஷ்யாவில் நிலமில்லாமல் ஆளை மட்டும் விற்றதும் உண்டு. அதனால் ரஷ்யாவைப் பற்றி எழுதும்போது இலக்கணத்தை அப்படியே ஒப்பிக்க வேண்டாம்.

1789 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தேசியச் சபை "நிலமானிய முறையை முழுமையாக ஒழிக்கிறோம்" என்று ஆணையிட்டது. அப்போது குதிரைவீரரும் இல்லை, 40 நாள் சேவையும் இல்லை. மிச்சமிருந்தது பிரபுவுக்குக் கட்டவேண்டிய பாக்கிகளும், அவருக்கே உரிய வேட்டை உரிமை போன்ற சலுகைகளும். 1100-இன் நிலமானியம் ஒன்று, 1789-இன் நிலமானியம் வேறொன்று. 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டத்து ஜமீன்தாரியையும் இதே பையில் போடுகிறவர்கள் உண்டு. ஜமீன்தார் வரி வசூலித்துக் கட்டினார்; படை கொண்டுவரவில்லை. ஒப்பிடலாம், ஒன்றென்று சொல்லக்கூடாது.

காலனி என்ற சொல்லுக்கு வருவோம். "காலணி ஆதிக்கம்" என்று மூன்றுசுழி போட்டால் செருப்பின் ஆட்சி ஆகிவிடும், கவனம். லத்தீனில் கொலோனியா என்றால் உழவரையும் ஓய்வுபெற்ற படைவீரரையும் குடியேற்றிய ஊர். ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயர் அதுவே. அந்த மூலப்பொருள் 1788-க்குப் பின் ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தும். இந்தியாவுக்குப் பொருந்தாது, இங்கே வந்தவர்கள் ஆண்டார்கள், பெருந்தொகையாகக் குடியேறவில்லை. ஆகவே காலனி என்று எழுதும்போது குடியேற்றக் காலனியா, சுரண்டல் காலனியா என்று பிரித்துச் சொல்லுங்கள். எகிப்து இன்னும் நுட்பம்: 1882-இல் பிரிட்டிஷ் படை புகுந்தது, காகிதத்தில் நாடு ஒட்டோமானியருடையது, 1914-இல் பிரிட்டனின் காப்பரசு (பாதுகாப்பு என்ற பெயரில் பிரிட்டனின் பிடியில் இருந்த நாடு), 1922-இல் பெயரளவுச் சுதந்திரம், படை மட்டும் போகவில்லை. இத்தனையையும் "காலனி" என்ற ஒரே சொல்லால் மூடினால் வரலாறே மூடிப்போகும்.

புரட்சிக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ள சொல் (revolution) வானத்திலிருந்து வந்தது. 1543-இல் வானியலாளர் கோப்பர்நிக்கஸ் தம் நூலின் தலைப்பில் அதன் லத்தீன் மூலத்தை வைத்தபோது, கோள்கள் சுற்றித் திரும்புவதைச் சொன்னார். பழைய இடத்துக்குத் திரும்புவது எனப் பொருள்பட்ட சொல், 1789 பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு திரும்பவே முடியாத மாற்றத்தைக் குறித்தது. தமிழில் அது புரள்வதிலிருந்து பிறந்தது, கீழ் மேலாவது. ரஷ்ய நிகழ்ச்சியை "யுகப்புரட்சி" என்று பாரதி பாடியது அதனால்தான் அவ்வளவு கச்சிதமாக விழுந்தது. கலகம், கிளர்ச்சி, ஆட்சிக் கவிழ்ப்பு, புரட்சி ஆகியவற்றைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: நாற்காலியில் ஆள் மாறினாரா, நாற்காலியே மாறியதா? 1857 சிப்பாய்க் கலகமா, விடுதலைப் போரா என்பதில் நிகழ்ச்சி ஒன்றுதான். எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இப்போது கைவேலை. ஒரு நோட்டில் சொல்லுக்கு ஒரு பக்கம் விடுங்கள். முதல் வரியில் சொல். அடுத்து, யார் எப்போது இட்ட பெயர். பிறகு ஆண்டோடும் ஊரோடும் ஓர் எடுத்துக்காட்டு. கீழே, பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும் சொல். கடைசியில், பொருந்தாத ஓர் இடம். பொருள் விளக்கம் எழுத இடமே விடாதீர்கள். இந்த ஐந்தும் நிரம்பினால் அது தானே வந்துவிடும்.

"போர்நிறுத்தம்" என்ற பக்கத்தை நிரப்பிப் பாருங்கள். எடுத்துக்காட்டு, 1918 நவம்பர் 11: முதல் உலகப் போரின் மேற்கு முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஏமாற்றும் சொல், அமைதி உடன்படிக்கை: வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்தானது 1919 ஜூன் 28, நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10. இடைப்பட்ட மாதங்களில் சுடவில்லை, ஆனால் சட்டப்படி போர் முடியவும் இல்லை. ஜெர்மனி மீது கடல் முற்றுகை 1919 ஜூலை வரை நீடித்தது. பொருந்தாத இடம், கொரியா. அங்கே போர்நிறுத்தம் 1953 ஜூலை 27. அதற்குப் பக்கத்தில் உடன்படிக்கைத் தேதிக்கு ஒரு கட்டம் போட்டு, அதைக் காலியாகவே விட்டுவையுங்கள்.