‘டேக் ஆஃப்’ எங்கிருந்து கிளம்பியது?

அவையோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

‘இடைவேளை வரைக்கும் படம் டேக் ஆஃப் ஆகவே இல்லை’ என்று விமர்சனம் எழுதுகிறோம். ஆனால் ஓர் ஆங்கிலேயர் வீட்டு வாசலில் இதே சொல் காதில் விழுந்தால், செருப்பைக் கழற்றச் சொல்கிறார் என்று அர்த்தம். செருப்புக்கும் சினிமாவுக்கும் என்ன உறவு?

‘டேக்’ என்றால் எடு. அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்கூட இல்லை, வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கொண்டுவந்து இறக்கிய, அவர்களுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல். அதை விடுங்கள். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது பின்னால் வரும் பொடிச் சொல்லை. ஒட்டியிருந்த ஒன்று விலகினால் ‘ஆஃப்’. சட்டை உடம்பை விட்டு விலகும், மூடி பாட்டிலை விட்டு விலகும். விலையில் நூறு ரூபாய் தள்ளினாலும் டேக் ஆஃப்தான். ‘நாளைக்கு எனக்கு ஆஃப்’ என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

சரி, கால் தரையை விட்டு விலகினால்? 19ஆம் நூற்றாண்டிலேயே, தாண்டுகிறவன் எம்புகிற இடத்துக்கு ‘டேக் ஆஃப்’ என்று பேர் வந்துவிட்டது. நீளம் தாண்டுகிற பிள்ளைகள் இங்கே இருந்தால் சொல்வார்கள்: மணல் குழிக்கு முன்னால் பதித்திருக்கும் 20 செ.மீ. அகலப் பலகை இன்றும் ‘டேக் ஆஃப் போர்டு’தான். விமானம் பிறப்பதற்கு முன்பே அதற்கான சொல் தயாராக இருந்தது என்று பொருள்.

1903 டிசம்பர் 17, அமெரிக்காவில் கிட்டி ஹாக் என்ற ஊர்ப் பக்கத்து மணல்வெளி. ரைட் சகோதரர்களின் விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. 60 அடி மரத் தண்டவாளம், அதன்மேல் உருளும் சின்னத் தள்ளுவண்டி, வண்டிமேல் விமானம். ஆர்வில் குப்புறப் படுத்து ஓட்டுகிறார். சுமார் 40 அடி ஓடியதும் விமானம் எழும்பியது, வண்டி தண்டவாளத்திலேயே தங்கிவிட்டது. 12 விநாடி, 120 அடி. ‘ஆஃப்’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

பிறகு பொருளாதாரம் வந்தது. 1956இல் வால்ட் ரோஸ்டோவ் என்ற அமெரிக்க அறிஞர், ஒரு நாடு வறுமையிலிருந்து எழும்பும் கட்டத்துக்கே ‘டேக் ஆஃப்’ என்று பெயர் வைத்தார். தேசிய வருமானத்தில் முதலீடு 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும் என்பது அவர் கணக்கு. பிரிட்டன் 1783இல் தொடங்கி எழும்பியதாம், இந்தியா 1952இல். சைமன் குஸ்நெட்ஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞர் இதை ஏற்கவில்லை. புள்ளிவிவரத்தில் அப்படித் திடீர்த் தாவல் தெரியவில்லை என்றார். எனக்கும் குஸ்நெட்ஸ் பக்கம்தான் சாய்வு. ஆனால் உருவகம் வென்றுவிட்டது. கடையும் படமும் கட்சியும் டேக் ஆஃப் ஆவது அதன் பிறகு சர்வசாதாரணம்.

‘ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா?’ என்று மலைக்காதீர்கள். சட்டையைக் கழற்றுகிறோம். வேலைக்குப் பயந்தவன் ‘நைசாகக் கழன்றுகொண்டான்’ என்கிறோம். வேண்டாதவனைக் ‘கழற்றிவிட்டார்கள்’. நம் வாயில் தினம் புரளும் வித்தை இது. வேலையைக் கண்டதும் நழுவியவனை ஆங்கிலத்திலும் ‘ஹி டுக் ஆஃப்’ என்றே சொல்வார்கள். இதற்குப் போய் ஐந்நூறு வினைச்சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் கைடுகளை நான் மதிப்பதே இல்லை.

இலக்கணம் ஒன்றே ஒன்று. ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி. ஷூவை ‘தெம்’ ஆக்கினால் அது நடுவில்தான் உட்காரும்: ‘டேக் தெம் ஆஃப்’. பறக்கிற அர்த்தத்தில் செயப்படுபொருளே வராது. ‘தி பிளேன் டுக் ஆஃப்’, அவ்வளவுதான். ‘தி பைலட் டுக் ஆஃப் தி பிளேன்’ என்று நேர்முகத் தேர்வில் சொல்லிவைக்காதீர்கள். விமானி அதுவரை விமானத்தை உடுத்திக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடும்.