கல்லீரலில் கொழுப்பு, தொடையில் தசை

நேயர்களுக்கு வணக்கம்.

வயிற்று ஸ்கேன் எடுத்தவர்களின் ரிப்போர்ட்டில் இன்று அடிக்கடி கண்ணில் படும் வரி, ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’, அதாவது கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கிய முதல் படி. ‘எடையைக் குறைங்க’ என்று டாக்டர் சொல்வார். சரியான அறிவுரைதான். ஆனால் வீட்டுக்கு வந்தவர் எதைக் குறைக்கிறார் என்பதில்தான் வம்பு. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார். காலையில் கஞ்சி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் ரசமும், தினமும் நடை. மூன்று மாதத்தில் 6 கிலோ இறங்கிவிடுகிறது. அந்த ஆறில் ஒன்றரை கிலோ அளவுக்குக் கொழுப்பல்லாத எடை, அதாவது தசையும் அதோடு சேர்ந்த நீரும் போயிருக்கும். புரதம் குறைந்த பட்டினியாக இருந்தால் இன்னும் கூடுதலாகவே போயிருக்கும். எடை மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது.

தசைக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலினின் உத்தரவுப்படி அதிகமாக வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். அந்தச் சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் கல்லீரல் வைத்திருப்பது சுமார் 100 கிராம். உடம்பிலுள்ள தசைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 400 கிராம். பெரிய குதிர் தசை, சின்னக் குதிர் கல்லீரல். தசை மெலிந்து பெரிய குதிர் சுருங்கினாலோ, இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் அதன் வாய் அடைத்துக்கொண்டாலோ, மிஞ்சும் சர்க்கரை கல்லீரலுக்கு வந்து கொழுப்பாக மாறுகிறது. அது போதாதென்று, தொப்பைக்குள் குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு கசியவிடும் கொழுப்பு அமிலங்களும் குடல் பகுதியைக் கல்லீரலோடு இணைக்கும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் வருகின்றன. கல்லீரலுக்கு இரண்டு பக்கமும் இடி.

ஒல்லியாக இருப்பவருக்கு ஏன் ஃபேட்டி லிவர் வருகிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண், 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே நிற்கும் நம்மூர் உடல்வாகு இதுதான். இப்படிப்பட்டவரிடம் ‘நீங்க ஒல்லிதானே, பயப்படாதீங்க’ என்று சொல்வது தப்பு.

சரி, வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? தையல்காரர் டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு அதிகம். பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பேன்ட்டை நாம் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம்! அடுத்து ஆடுசதை. அது நன்றாகப் பருத்திருக்கும் இடத்தில் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் குறைந்தால் தசை குறைந்திருக்கலாம்.

மூன்றாவது, நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசையின் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். ஆசிய நாடுகளின் தசை இழப்பு நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவு இது. மூட்டு வலியால் தாமதமானால் அது வேறு கணக்கு.

ஜிம்மில் ஏறி நின்றால் ‘கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு’ என்று சீட்டுத் தரும் மெஷின் உண்டு. அது தசையை நேராக அளப்பதில்லை. லேசான மின்சாரத்தைச் செலுத்தி உடம்பிலுள்ள நீரைக் கணித்து, அதிலிருந்து மற்றதை ஊகிக்கிறது. சாப்பிட்ட கையோடும், வியர்க்க வியர்க்க ஓடிய பிறகும் ஏறி நின்றால் எண் மாறிவிடும். காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறை போய்வந்த பின், எப்போதும் ஒரே மெஷினில் பார்த்தால் ஏற்ற இறக்கமாவது தெரியும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதில் ஏறவே வேண்டாம்.

எக்ஸ்ரே கதிரால் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் இதைவிட நம்பகமானது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தசை எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து ‘நார்மல்’ என்று போட்டிருப்பார்கள். பருமனானவருக்குச் சுமை தூக்கித் தூக்கித் தசையும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால் அந்த எண் நன்றாகத்தான் தெரியும். அதே தசையை அவரது உடல் எடையோடு ஒப்பிட்டால் பற்றாக்குறை வெளிப்படும். தசை நார்களுக்கு இடையே கொழுப்பு புகுந்திருந்தால், அளவு இருந்தும் வலு இருக்காது. அதனால் என் ஓட்டு நாற்காலிச் சோதனைக்குத்தான்.

இனி தட்டுக்கு வருவோம். உயரத்துக்கேற்ற எடை 65 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 65 முதல் 78 கிராம் புரதம் தேவை. நம் வழக்கமான சாப்பாட்டைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் நான்கு இட்லி, தண்ணீர் சாம்பார்: 10 கிராம். மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர்: 14 அல்லது 15. மாலைக் காபியும் இரண்டு பிஸ்கட்டும்: 3. ராத்திரி மூன்று தோசை: 8 அல்லது 9. ஆக மொத்தம் 37 கிராமுக்குள் முடிந்துவிட்டது. வயிறு நிறைந்திருக்கிறது, தசைக்குத்தான் பாதிப் பட்டினி.

இதில் இரண்டு இட்லியை எடுத்துவிட்டு இரண்டு முட்டை வையுங்கள், 12 கிராம் சேரும். பிஸ்கட்டுக்குப் பதில், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல், 10 கிராம். மதியம் ஒரு கப் தயிர், 6 கிராம். குழம்பில் 25 கிராம் மீல்மேக்கர் போட்டால் 12 கிராம். மீன் சாப்பிடுபவருக்கு 100 கிராம் மீனில் 20. இப்போது 70ஐத் தொட்டுவிடலாம். ஒன்றை மறக்காதீர்கள்: சோறும் இட்லியும் குறையாமல் இவை மேலே ஏறினால் கல்லீரலுக்கு ஒரு லாபமும் இல்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நடை கல்லீரல் கொழுப்பைக் கரைக்கும். எடை இறங்காவிட்டாலும் கரைக்கும். வாரம் 150 நிமிட வேகநடை தேவை. ஆனால் தசை வளர அது போதாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே நாற்காலியில் பத்துப் பத்தாக மூன்று முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து. எழும்போது மூச்சை விடுங்கள்; அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். முட்டிகள் உள்பக்கம் சாயக் கூடாது. பன்னிரண்டு முறை சுலபமாக வந்துவிட்டால், 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆறு மாதமும் அதே பத்து, அதே பாரம் என்றால் முதல் மாதத்தோடு பலன் நின்றுவிடும்.

குறைக்க வேண்டிய அளவு, பருமனானவருக்கு மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம். ஒல்லியானவருக்கு 3 முதல் 5 போதும். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் இறங்கட்டும். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் பசியே எடுக்காது. அவர்கள் தட்டில் கை வைக்கும்போது முதலில் முட்டையையோ பருப்பையோ சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போகட்டும்.

நோய் முற்றிக் கல்லீரல் சுருங்கி, சிரோசிஸ் நிலைக்குப் போனவர்களுக்குக் கணக்கே தலைகீழ். அம்மோனியா என்ற நச்சை முறிக்கும் வேலையில் கல்லீரலுக்குக் கைகொடுப்பது தசை. அதனால் அவர்கள் பட்டினி கிடக்கவே கூடாது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீக்கம் இருந்தால் டாக்டர் அனுமதியில்லாமல் பாரம் தூக்கக் கூடாது. வயிற்றிலும் காலிலும் நீர் கோத்திருந்தால் எடை மெஷின் ‘ஏறியிருக்கிறது’ என்று பொய் சொல்லும்; அவர்களுக்கு மேல்கையின் சுற்றளவை மாதாமாதம் அளந்து குறித்து வையுங்கள். ஒரு ராத்திரி வெறும் வயிறு அந்த உடம்புக்கு இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். அதனால் எட்டு மணிச் சாப்பாட்டோடு நிறுத்திவிடாமல், படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு இட்லியும் கொடுங்கள். காலையில் எழுந்ததும் குளியல், பூஜை என்று தள்ளிப்போடாமல் முதல் உணவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.