ஆறு மாதம் மிச்சம், ஆறு வருடம் செலவு

பட்டிமன்றத் தலைப்பு: தேர்தல் சட்டத் திருத்தங்களை நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்புவதால் கிடைப்பது பாதுகாப்பா, தாமதமா? ‘பாதுகாப்பே’ என்ற அணியின் உரை.

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் சூட்கேஸ் கதை சொல்லிக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். கதை உண்மைதான். மக்களவைக்கும் சட்டப்பேரவைகளுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தச் சொல்லும் ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதாவை ஆராயும், இரு அவை உறுப்பினர்களும் கொண்ட கூட்டுக்குழு 2025 ஜனவரி 8 அன்று முதன்முதலாகக் கூடியபோது, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே, இந்த யோசனையை முன்பே ஆராய்ந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் குழுவின் அறிக்கை, 18,000 பக்கத்துக்கு மேல். “இதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிடும்” என்றார் அண்ணன். நானும் சிரித்தேன். ஆனால் படிக்க ஏதாவது கொடுத்தார்களே, அதை விட்டுவிட்டாரே! பெட்டியும் கிடையாது, படிக்க நேரமும் கிடையாது என்று நிறைவேறிய தேர்தல் சட்டங்கள் நம் நாட்டில் உண்டு. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்காரக் குழுவையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 17 அன்று அந்த மசோதா, அதாவது 129ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா, மக்களவையில் அறிமுகமானது. அறிமுகத்துக்கே வாக்கெடுப்பு: ஆதரவு 269, எதிர்ப்பு 198. அரசியல் சட்டத் திருத்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கையில் இல்லாததால்தான் குழுவுக்கு அனுப்பினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், எந்தக் காரணத்துக்காக அனுப்பினாலும் போய்ச் சேர்ந்தது நல்ல இடத்துக்குத்தான். பி.பி.சவுத்ரி தலைமையில் 39 பேர்; நம் ஊரிலிருந்து தி.மு.க. எம்.பி.க்கள் வில்சனும் செல்வகணபதியும் உண்டு.

மசோதா என்னவோ சில பக்கம்தான். அதில் 82ஏ என்று ஒரு புதுப் பிரிவு. அதற்குள் ஐந்தாவது உட்பிரிவு என்ன சொல்கிறது? ஒரு மாநிலத்தின் சட்டப்பேரவைக்கு மக்களவையோடு சேர்த்துத் தேர்தல் நடத்த முடியாது என்று தேர்தல் ஆணையம் கருதினால், பிறகு நடத்தலாம் என்று குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம். சரி, எத்தனை மாதம் கழித்து நடத்த வேண்டும்? மசோதாவில் வரம்பே இல்லை. அதுவரை அந்த மாநிலத்தை யார் ஆள்வார்கள்? அந்த உட்பிரிவில் அதற்கும் பதில் இல்லை. அவையில் அறிமுக நாளன்று மேசையைத் தட்டியவர்களும் கூச்சல் போட்டவர்களும் பெரும்பாலும் ‘கூட்டாட்சி’, ‘செலவு மிச்சம்’ என்ற பெரிய பெரிய சொற்களில்தான் மோதிக்கொண்டார்கள். இந்த ஓட்டையை ஆற அமரத் துருவியது குழுவில்தான். 2025 ஜூலையில் முன்னாள் தலைமை நீதிபதிகள் கேஹரும் சந்திரசூட்டும் குழுவின் முன் வந்தபோது, ஆணையத்துக்கு இவ்வளவு அதிகாரம் தருவது பற்றிக் கவலை சொன்னார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அவைக்குள் வெளியாள் யாரும் எழுந்து பேச முடியாது. குழு கூப்பிட்டால் நீதிபதியும் வரலாம், பேராசிரியரும் வரலாம், தேர்தல் நடத்திப் பார்த்த அதிகாரியும் வரலாம்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. பேரவை நடுவில் கலைந்தால், அடுத்து வரும் பேரவைக்கு மீதிக் காலம் மட்டும்தான். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1989 ஜனவரியில் ஓட்டுப் போட்டோம். 1991 ஜனவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள். ஜூனில் மறுபடி ஓட்டுப் போட்டோம். அந்த ஆட்சி 1996 வரை இருந்தது. மீதிக் காலக் கணக்குப்படி பார்த்தால் அதற்கு மூன்று வருடம்கூடத் தேறியிருக்காது. கலைத்தது ஒருவர், காலம் குறைவது இன்னொருவருக்கு. இது நியாயமா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு குழு உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

“குழுவிலும் ஆளுங்கட்சிக்குத்தானே பெரும்பான்மை? வக்ஃப் மசோதாக் குழுவில் எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த திருத்தங்கள் ஒன்றுகூட ஜெயிக்கவில்லையே?” என்று எதிரணியில் கேட்டார்கள். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். குழுவில் வாக்கெடுப்பு என்று வந்தால் அங்கேயும் எண்ணிக்கைதான். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்னால் அங்கே மாதக்கணக்கில் கேள்வி கேட்கிறார்கள், அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அவையில் அந்த முன்பாதியே கிடையாதே!

இப்போது அவசரக் கதைகளுக்கு வருகிறேன். 2017இல், யார் தருகிறார்கள் என்று வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் நிதிப் பத்திரம் வந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், கம்பெனிகள் சட்டம், வருமான வரிச் சட்டம், ரிசர்வ் வங்கிச் சட்டம் என்று நாலு சட்டங்களைத் திருத்தினார்கள். எதன் வழியாக? நிதி மசோதா வழியாக, பட்ஜெட்டோடு பட்ஜெட்டாக. பண மசோதா என்று முத்திரை குத்திவிட்டால் மாநிலங்களவை தடுக்க முடியாது. அங்கே சொன்ன திருத்தங்களை மக்களவை ஏற்கவும் இல்லை. ஒரு கம்பெனி தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பும் போனது. லாபமே இல்லாத கம்பெனிகூட நன்கொடை தரலாம்! ரிசர்வ் வங்கி அப்போதே ஆட்சேபித்திருந்தது என்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கடிதங்களை வாங்கிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. குழு ஒன்று இருந்திருந்தால் அந்த அதிகாரிகளை எதிரே உட்காரவைத்து அப்போதே கேட்டிருப்பார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? வழக்கு 2017இலேயே போனது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, இது செல்லாது என்றார்கள். அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரம் விற்றுத் தீர்ந்திருந்தது. ‘குழுவுக்குப் போனால் தாமதம்’ என்கிறீர்களே அண்ணா, குழுவில் ஆறு மாதத்தை மிச்சம் பிடித்து, நீதிமன்றத்தில் ஆறு வருடத்துக்கு மேல் செலவழித்தோமே, இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எதிரணிக்கு ஒரு ஆறுதல். இப்போதெல்லாம் நீங்கள் விரும்பியபடிதான் நடக்கிறது. பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 15ஆவது மக்களவையில் (2009–14) நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் (2019–24) நூற்றுக்கு 16தான்.

கடைசியாக 2021. வாக்காளர் பட்டியலோடு ஆதாரை இணைக்கும் மசோதா. டிசம்பர் 20 மக்களவையில் அறிமுகம், அன்றே நிறைவேற்றம். மறுநாள் 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் முடிந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலேயே தாலி கட்டிவிட்டு வந்த கதை. துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கத்தின. ஆதார் இணைப்பை நிலைக்குழு முன்பே பரிந்துரைத்துவிட்டது என்றது அரசுத் தரப்பு. யோசனையைப் பரிந்துரைத்திருக்கலாம் ஐயா, மசோதாவின் வாசகத்தைப் பார்த்தார்களா?

அந்த வாசகத்தில்தான் வில்லங்கம். ஆதார் எண் தருவது உங்கள் விருப்பம் என்றார் அமைச்சர். சட்டத்திலோ, ‘போதுமான காரணத்தால்’ எண்ணைத் தர இயலாதவரின் பெயரை நீக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. எது போதுமான காரணம்? விதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு படிவம் 6பி வந்தது. அதில் இரண்டே வழி. ஒன்று, ஆதார் எண்ணை எழுதுங்கள். அல்லது, ‘என்னிடம் ஆதார் இல்லை, அதனால் தர இயலவில்லை’ என்ற இடத்தில் குறியிடுங்கள். என்னிடம் ஆதார் இருக்கிறது, ஆனால் தர விருப்பமில்லை என்பவர் எங்கே குறியிடுவார்? அதற்கு இடமே இல்லை. வீட்டு வாசலில் படிவத்தோடு நிற்கும் வாக்குச்சாவடி அலுவலரிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா? பாவம், அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார், கொடுத்ததை நிரப்பி வாங்கிப் போக வந்திருப்பார். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தேர்தல் ஆணையம், ஆதார் கட்டாயமில்லை, படிவத்தில் தகுந்த விளக்கம் சேர்க்கிறோம் என்றது. அதே மூச்சில், 66 கோடிக்கு மேற்பட்ட ஆதார் எண்களைப் பதிவேற்றியாயிற்று என்றும் சொன்னது.

நடுவர் அவர்களே, இவ்வளவு அவசரமாக நிறைவேற்றிய சட்டத்துக்கு விதிகள் வந்தது 2022 ஜூனில். படிவம் 6பி நடைமுறைக்கு வந்தது ஆகஸ்ட் 1 அன்று. ஏழு மாதத்துக்கு மேல் சட்டம் சும்மா கிடந்திருக்கிறது. ஒரு நிலைக்குழு நிதானமாக உட்கார்ந்து பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டு அறிக்கை கொடுக்க அந்த ஏழு மாதம் தாராளம். டிசம்பர் 20 அன்று அப்படி எந்த ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது என்பதை, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.