எடை குறைப்பும் மாதவிடாயும்: உடல் போடும் கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். எடை குறைப்புக்கும் மாதவிடாய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசப் போனால் பலரும் என்னிடம் முதலில் எதிர்பார்ப்பது ஓர் எண்ணை. உடலில் இத்தனை சதவீதம் கொழுப்பு இருந்தால் மாதவிடாய் ஒழுங்காக வரும், அதற்குக் கீழே போனால் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதிதான். அப்படி ஓர் எண் ஒரு காலத்தில் சொல்லப்பட்டது என்பதும், இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் அது வாய்வழியாக உலவிக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரோஸ் ஃபிரிஷ், ஜேனட் மெக்ஆர்தர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு பெண் பூப்பெய்த உடல் எடையில் ஏறத்தாழ 17 சதவீதம் கொழுப்பு வேண்டும். அதன் பிறகு மாதவிடாய் தொடர்ந்து ஒழுங்காக வர ஏறத்தாழ 22 சதவீதம் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. கருவைச் சுமக்கவும் பால் கொடுக்கவும் சேமிப்பு தேவை என்பதால், சேமிப்பு இல்லாத உடல் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை என்ற அவர்களுடைய அடிப்படைச் சிந்தனை மிகச் சரியானது. ஆனால் அந்தச் சதவீதங்கள் நேரடியாக அளக்கப்பட்டவை அல்ல. உயரத்தையும் எடையையும் வைத்துச் சமன்பாட்டின் மூலம் மதிப்பிடப்பட்டவை. பின்னாளில் விளையாட்டு வீராங்கனைகளை அளந்து பார்த்தபோது, ஒரே அளவு கொழுப்பு உள்ள இருவரில் ஒருவருக்கு மாதவிடாய் தவறாமல் வருவதும் மற்றவருக்கு மாதக்கணக்கில் நின்றுபோயிருப்பதும் தெரியவந்தது. கொழுப்பு மட்டுமே தீர்மானிக்கிறது என்றால் இது நடக்கக் கூடாது.

தீர்மானிப்பது எது என்று அறிய மூளைக்குப் போக வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாகச் சுரக்கிறது. அந்தத் துடிப்பு பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விட, அவை சினைப்பைக்குப் போய்க் கருமுட்டையை முதிரச் செய்து ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க வைக்கின்றன. இந்தத் தொடரில் முக்கியமானது தாளம். எர்ன்ஸ்ட் நோபில் என்ற அறிவியலாளரின் குழு 1978இல் குரங்குகளில் இதை அழகாகக் காட்டியது: மணிக்கு ஒரு முறை என்று ஜிஎன்ஆர்எச்சைச் செலுத்தியபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது, அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது அது அடங்கிவிட்டது. எடை குறைந்து மாதவிடாய் நின்ற பெண்ணிடம் கெட்டுப்போவது இந்தத் தாளம்தான். கருப்பையும் சினைப்பையும் நல்ல நிலையில் இருக்கும். மேலிருந்து வர வேண்டிய உத்தரவு போதிய அளவில் வருவதில்லை, அவ்வளவே.

உடலின் இருப்பு நிலவரத்தை மூளைக்குச் சொல்வது யார் என்ற கேள்விக்கு 1994இல் ஒரு பெரிய விடை கிடைத்தது. ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டறிந்த லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவில் சுரந்து மூளைக்குச் செல்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும் என்பது எதிர்பார்க்கக்கூடியது. எதிர்பாராதது என்னவென்றால், இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே, கொழுப்பு அதிகம் கரையாத நிலையிலும், லெப்டின் வேகமாகச் சரிந்துவிடுகிறது. அதாவது, சேமிப்பில் உள்ளதை மட்டுமன்றி அன்றாட வரவையும் அது மூளைக்குத் தெரிவிக்கிறது. உணவுக் குறைவாலும் உடற்பயிற்சியாலும் மாதவிடாய் நின்றுபோன சில பெண்களுக்கு லெப்டினை ஊசி மூலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. எல்எச் துடிப்பு மீண்டது. சிலருக்குக் கருமுட்டையும் வெளியேறியது. லெப்டின் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. தைராய்டு சுரக்கும் டி3 என்ற ஹார்மோன் குறைவது, மன அழுத்தத்தில் ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோன் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

இனி நான் சொல்ல வந்த கணக்கு. ஆன் லௌக்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர், உண்ணும் கலோரியிலிருந்து உடற்பயிற்சிக்குச் செலவான கலோரியைக் கழித்து, மிஞ்சுவதைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுத்தார். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கலோரி மிஞ்சினால் உடல் நிறைவாக இயங்குகிறது. 30க்குக் கீழே போனால் ஐந்தே நாளில் எல்எச் துடிப்பு தளர்கிறது என்று 2003இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. 50 கிலோ எடையும் 20 சதவீதக் கொழுப்பும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ. அவர் நாளைக்கு 1,700 கலோரி உண்டு, ஓட்டத்தில் 600 கலோரி செலவழித்தால் மிச்சம் 1,100. 40ஆல் வகுத்தால் 27.5. இவர் பட்டினி கிடக்கவில்லை, மூன்று வேளையும் உண்கிறார், தன்னை மிகவும் ஆரோக்கியமானவராகவே நினைக்கிறார். ஆனால் உடலின் கணக்கில் பற்றாக்குறை விழுந்துவிட்டது. 30 என்பது எல்லோருக்கும் பொதுவான சுவர் அன்று எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலருக்கு அதற்கு மேலேயே தடுமாற்றம் தொடங்கும். பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன இளம்பெண்களின் உடல் இந்தப் பற்றாக்குறையைக் குறைவாகவே தாங்கும். உடற்பயிற்சியை இங்கே குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை என்பதையும் அதே ஆய்வாளர் காட்டினார்: செலவுக்கு ஈடாக உண்டால், பயிற்சியால் துடிப்பு கெடுவதில்லை.

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் சுழற்சியின் பின்பாதி குறுகும், பிறகு கருமுட்டை வெளியேறாமலே இரத்தப்போக்கு மட்டும் வரும், அடுத்து இடைவெளி 35 நாளைத் தாண்டும், கடைசியில்தான் நிற்கும். ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒருவருக்கு மூன்று மாதம் வரவில்லையென்றால் காரணம் தேட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பமா என்பதைத்தான்; எடை குறைந்திருக்கிறது என்பதற்காக அதைத் தாண்டிப் போகக் கூடாது. தைராய்டையும், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனையும் பார்க்க வேண்டும்.

இங்கே நடக்கும் ஒரு தவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் விளைவு மோசமானது. எடை குறைத்த ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கிறது. ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் கருமுட்டை வளரும் பல சிறு நுண்ணறைகள் தெரியும். தாளம் தளர்ந்த சினைப்பையிலும் அப்படித் தெரிவதுண்டு. ஆனால் அறிக்கையில் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி நோய், என்று எழுதப்பட்டுவிடும். பிசிஓஎஸ் என்றால் எடையைக் குறைக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கிறது. எடை கூடிய பிசிஓஎஸ் பெண்களில் பலருக்கு 5 முதல் 10 சதவீத எடை குறைந்தாலே சுழற்சி திரும்புகிறது என்பதால் அந்த அறிவுரை அவர்களுக்குப் பொருந்தும். உணவு போதாமல் மாதவிடாய் நின்றவருக்கோ அது நோயையே மருந்தாகக் கொடுப்பது. அறிக்கையைக் கவனமாகப் படித்தால் வேறுபாடு தெரியும்: எல்எச்சும் ஈஸ்ட்ரோஜனும் தாழ்ந்திருக்கும், கருப்பையின் உட்படலம் மெலிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடந்த ஓராண்டில் எடை எப்படி மாறியது, என்ன உண்கிறீர்கள், எவ்வளவு பயிற்சி செய்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் ஸ்கேனுக்கு முன்பே பாதி விடை கிடைத்திருக்கும்.

“வராமல் இருப்பது ஒரு வகையில் நிம்மதிதான் டாக்டர்” என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. அந்த நிம்மதியை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாதங்களில் எலும்பு தேய்கிறது. எலும்பின் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டியே சேர்ந்துவிடுகிறது; அந்த ஆண்டுகளில் விட்டதைப் பிறகு முழுதாகப் பிடிக்க முடிவதில்லை. ஓடுகிற பெண்ணுக்குக் கீழ்க்காலில், ஒரு விரலை வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஓடும்போது தொடங்கிய வலி பிறகு நடக்கும்போதும் விடவில்லை என்றால், அது அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் விழும் நுண்ணிய விரிசலாக, இருக்கலாம். அப்போது எலும்பு மருத்துவரும் மாதவிடாயைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கருத்தடை மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் இரத்தப்போக்கு வரும். அது மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் போக்கு. மூளையின் தாளம் திரும்பியதற்குச் சான்று அன்று. எலும்பையும் அது காப்பாற்றுவதாகத் தெரியவில்லை என்பதால், இந்த நோக்கத்துக்காக அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2017இல் வெளிவந்த அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. மருந்து உணவுதான்: கூடுதலாக உண்பது, பயிற்சியைக் குறைப்பது, எடையைக் கண்டு அஞ்சும் மனநிலை இருந்தால் அதற்கு மனநல உதவி பெறுவது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் பசியின்மை நோயிலிருந்து (அனோரெக்ஸியா) மீண்ட இளம்பெண்களில், மாதவிடாய் நின்றபோது இருந்த எடையைவிடச் சராசரியாக 2 கிலோ கூடிய பிறகே அது திரும்பியதாகக் காணப்பட்டுள்ளது. எடை ஏறியும் பல மாதம் காத்திருக்க வேண்டியவர்களும் உண்டு. அவர்களுக்குத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையை, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனோடு சேர்த்துச் சில காலம் கொடுப்பதுண்டு.

காத்திருக்கும் அந்த மாதங்களைப் பற்றி ஒன்று. தாளம் திரும்பும்போது கருமுட்டை முதலில் வெளியேறுகிறது. மாதவிடாய் அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே வருகிறது. ஆகவே ஓராண்டாக மாதவிடாய் இல்லையே என்று நம்பி இருப்பவர், ஒரு முறைகூட மாதவிடாய் வராமலேயே கருத்தரித்துவிடலாம். அதை விரும்பாதவர்கள் சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்தே ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்த வேண்டும். ஹார்மோன் மாத்திரையை எடுத்துக்கொண்டால் தாளம் திரும்பியதா இல்லையா என்பதையே அறிய முடியாமல் போய்விடும்.