மக்கள் என்றால் யார்? சுவிஸ் சிந்தனையாளர்கள் கேட்ட கேள்வி

(சுவிற்சர்லாந்துத் தமிழர் கூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சுவிஸ் தத்துவ அறிஞர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் வீட்டுக்குப் போவதற்குள் எல்லாம் மறந்துவிடும். அதனால் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதைக் கேட்டவர்கள் சிலரை மட்டும் இன்று பார்ப்போம்.

இந்த நாட்டில் வழக்கமாக வருடத்துக்கு நான்கு தடவை வாக்களிப்பு உறை தபாலில் வருகிறது. குடியுரிமை எடுத்தவருக்கு வருகிறது, எடுக்காதவருக்கு வருவதில்லை. நம்முடைய பல வீடுகளில் மகளுக்கு வரும், தாய்க்கு வராது. இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வரி கட்டுகிறார்கள். "இங்கே எல்லாவற்றையும் மக்களே தீர்மானிக்கிறார்கள்" என்று இந்த நாடு பெருமையோடு சொல்கிறது. சரி, அந்த மக்கள் யார்? அவர்கள் எதைத் தீர்மானிக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் 260 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

முதலில் ரூசோ. 1712இல் ஜெனீவாவில், ஒரு கடிகாரத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பிறந்த சில நாட்களில் தாய் இறந்துவிட்டார். சிறுவனாக ஒரு செதுக்கு வேலைக்காரரிடம் தொழில் பழக விடப்பட்டார். முதலாளி அடிக்கிறவர். 1728இல் ஒரு மாலை ஊருக்கு வெளியே சுற்றிவிட்டுத் திரும்பியபோது கோட்டைக் கதவு மூடிவிட்டது. பதினாறு வயது நிறையாத பையன், அப்படியே ஊரை விட்டுப் போய்விட்டார்.

அன்றைய ஜெனீவா சுவிஸ் நாட்டின் பகுதி அல்ல. அது தனிக் குடியரசு, 1815இல்தான் கூட்டமைப்பில் சேர்ந்தது. குடியரசு என்று பெயர் இருந்தாலும் அங்கே மனிதர்கள் படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். முழு உரிமையுள்ள குடிமக்கள் ஒரு பகுதி. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வேறு. அந்தக் குடியேறிகளுக்கு ஜெனீவாவிலேயே பிறந்த பிள்ளைகள் இன்னொரு வகை, அவர்களுக்கும் வாக்கு இல்லை. பொதுச் சபையில் வாக்கு உள்ளவர்கள் சிறுபான்மையான ஆண்கள். அவர்களுக்கும் மேலே சில பணக்காரக் குடும்பங்களின் கையில் இருந்த சிறிய மன்றம்தான் உண்மையில் ஆட்சி செய்தது. ரூசோ குடிமகன் வகுப்பில் பிறந்தவர். தன் நூல்களில் 'ஜெனீவாவின் குடிமகன்' என்று பெருமையோடு கையெழுத்திட்டார்.

1762இல் 'சமூக ஒப்பந்தம்' வெளிவந்தது. மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், ஆனால் எங்கும் விலங்குகளால் பிணைக்கப்பட்டிருக்கிறான் என்ற வரி பலருக்குத் தெரியும். அந்த நூலில் அதைவிட ஆழமானது, இறைமை மக்களுடையது, அதை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்ற வாதம். அரசன் மட்டும் அல்ல, பாராளுமன்ற உறுப்பினர்கூட மக்களுக்குப் பதிலாக விரும்ப முடியாது என்கிறார். ஆங்கிலேயர் தங்களைச் சுதந்திரமானவர்கள் என்று நினைக்கிறார்கள், அது பெரிய தவறு, தேர்தல் நாளில் மட்டும்தான் அவர்கள் சுதந்திரமானவர்கள் என்று எழுதினார். இன்று நம்மிடம் வரும் வாக்களிப்பு உறையை ரூசோ பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்த உறையைத் திறக்கும்போது நாம் எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறோம் என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். 2024 மார்ச்சில் ஓய்வூதியத்துக்கு 13ஆவது மாதத் தொகை கொடுக்கலாமா என்று வாக்களிப்பு நடந்தது நினைவிருக்கும். அதில் "எனக்கு எவ்வளவு கிடைக்கும்? என்னிடமிருந்து எவ்வளவு பிடிப்பார்கள்?" என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்து வாக்களித்தால், அந்த வாக்குகளின் கூட்டுத்தொகை ரூசோவுக்குப் போதாது. "நாம் எல்லோரும் சேர்ந்து வாழும் இந்த நாட்டுக்கு எது நல்லது?" என்று ஒவ்வொருவரும் கேட்டு வாக்களிக்கும்போது வெளிப்படுவதைத்தான் அவர் பொது விருப்பம் என்றார்.

இதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. பொது விருப்பத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பவரை முழுச் சமூகமும் சேர்ந்து கட்டாயப்படுத்தலாம், அது அவரைச் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்துவதுதான் என்று எழுதிவிட்டார். இந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரும்பான்மை வந்து "உன் நன்மைக்காகத்தான் உன்னை அடக்குகிறோம்" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதன் அபாயம் நமக்கு விளக்கிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஆண்டு அவருக்கு நடந்ததைக் கேளுங்கள். 'சமூக ஒப்பந்தம்' வந்த சில வாரங்களில் கல்வி பற்றிய 'எமீல்' நூலும் வந்தது. பாரிஸில் கைது உத்தரவு போட்டார்கள். தப்பி வந்தார். பத்தே நாளில் அவர் நேசித்த ஜெனீவா இரண்டு நூல்களையும் எரித்தது, உள்ளே வந்தால் கைது என்றும் சொன்னது. இவெர்டன் என்ற ஊருக்குப் போனார், அது அப்போது பேர்ண் என்ற பக்கத்து அரசின் ஆட்சியில் இருந்தது, அங்கிருந்தும் விரட்டினார்கள். நெயுஷாத்தல் மலைப்பக்கத்தில் மோட்டியே என்ற கிராமத்தில் பிரஷ்ய அரசரின் பாதுகாப்பில் தங்கினார். மதபோதகர் ஊராரைத் தூண்டிவிட, 1765இல் வீட்டின் மேல் கல் எறிந்தார்கள். பிறகு பீல் ஏரியின் சென் பீட்டர் தீவு. வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியாக இருந்த இடம் அதுதான் என்று பின்னால் எழுதினார். ஆறு வாரத்தில் அங்கிருந்தும் போகச் சொன்னது பேர்ண். அகதி வாழ்க்கை என்றால் என்னவென்று தெரிந்த நம் ஆட்கள் அந்த இடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். ஏரியின் மட்டம் பின்னால் இறக்கப்பட்டதால் இப்போது எர்லாஹ் பக்கமிருந்து நடந்தே போகலாம்.

இதற்கிடையில் ஜெனீவாவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ரூசோ மனம் வெறுத்து 1763இல் குடியுரிமையைத் துறந்ததும், குடிமக்கள் சிலர் கூட்டமாகப் போய் மன்றத்திடம் முறையிட்டார்கள். உங்கள் முறையீட்டைப் பொதுச் சபையின் முன் வைக்க மாட்டோம், அதைத் தடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்றது மன்றம். மக்கள் இறைமை என்று புத்தகத்தில் எழுதியது ஒரு ஊரின் உண்மையான வழக்காக மாறியது இப்படித்தான். 1835இல் அதே ஜெனீவா, ரோன் நதியின் சிறு தீவில் ரூசோவுக்குச் சிலை வைத்தது.

அவரிடம் இருந்த குறைகளையும் மறைக்கக் கூடாது. கல்வி பற்றி எழுதியவர் தன் ஐந்து பிள்ளைகளையும் அநாதை இல்லத்தில் விட்டார், அதைத் தானே எழுதியும் வைத்தார். 'எமீல்' நூலில் ஆண் பிள்ளை தானே சிந்திக்க வளர்க்கப்படுகிறான், பெண் பிள்ளை சோஃபி அவனுக்கு ஏற்றவளாக வளர்க்கப்படுகிறாள். 'மக்கள்' என்று அவர் எழுதிய இடங்களில் எல்லாம் பெண்கள் இல்லை.

மோட்டியேக்குப் பக்கத்து ஊர் கூவே. அங்கே ஒரு மதபோதகரின் மகனாக 1714இல் பிறந்தவர் எமர் டி வாட்டெல். 1758இல் இவர் எழுதிய 'நாடுகளின் சட்டம்', நாடுகளுக்கு இடையிலான உறவுகளைப் பற்றிய கைநூலாக அரசியல்வாதிகளிடம் பரவியது. ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இல் நியூயோர்க் நூலகம் ஒன்றில் எடுத்துத் திருப்பிக் கொடுக்காமல் விட்ட நூல் இது. குள்ளனும் அரக்கனும் எப்படி ஒரேபோல மனிதர்களோ, அப்படியே சிறிய குடியரசும் பெரிய இராச்சியமும் ஒரேபோல இறைமையுள்ளவை என்றார் வாட்டெல். பெரிய அரசுகளுக்கு நடுவே நெருங்கி வாழ்ந்த ஊர்க்காரர் சொன்ன வார்த்தை அது. கொடுங்கோலனை எதிர்த்து எழுந்த மக்கள் உதவி கேட்டால் பிற நாடு உதவலாம் என்றும் எழுதினார். அதன் எல்லை எது என்று உலகம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது பெஞ்சமின் கான்ஸ்டன்ட். ரூசோவுக்குச் சரியான பதில் சொன்னவர் என்று நான் நினைப்பது இவரைத்தான். 1767இல் லவுசானில் பிறந்தார். ரூசோவைப் போலவே பிறந்த சில வாரங்களுக்குள் தாயை இழந்தவர். அப்போது லவுசான் இருக்கும் வோ பகுதி முழுவதும் பேர்ணுக்கு அடிமைப்பட்ட நிலம். பிரெஞ்சுப் புரட்சி, மக்களின் பெயரால் ஆயிரக்கணக்கான மக்களைக் கழுத்தை வெட்டிக் கொன்று ஓய்ந்த பிறகு, 1795இல் அவர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். கொன்றவர்களில் பலர் ரூசோவை வணங்கியவர்கள்.

கான்ஸ்டன்ட் ரூசோவைத் திட்டவில்லை. சுதந்திரத்தின் மீது தூய அன்பு கொண்ட மேதை, ஆனாலும் கொடுங்கோன்மைக்குச் சாக்குக் கொடுத்துவிட்டார் என்றார். அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எல்லையற்ற அதிகாரத்தை அரசனிடமிருந்து பிடுங்கி மக்களிடம் கொடுத்தால், எல்லையற்ற அதிகாரம் அப்படியே இருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறார். மனித வாழ்க்கையில் ஒரு பகுதி தனி மனிதனுடையது, பெரும்பான்மை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்குள் நுழைய உரிமை இல்லை.

1819இல் பாரிஸில் இவர் ஆற்றிய சொற்பொழிவு ஒன்று இருக்கிறது. பழங்காலத்தவரின் சுதந்திரத்தையும் இக்காலத்தவரின் சுதந்திரத்தையும் அதில் ஒப்பிட்டார். ஏதென்ஸ்காரர் சபையில் கூடிப் போரையும் சட்டத்தையும் தீர்மானித்தார்கள், ஆனால் சபை நினைத்தால் குற்றம் செய்யாத ஒருவரையும் நாடு கடத்தலாம். இக்காலத்தவர் விரும்பும் சுதந்திரம் வேறு. பிடித்த தொழிலைச் செய்வது, நினைத்ததைச் சொல்வது, தன் கடவுளைத் தன் விருப்பப்படி வணங்குவது, காரணமில்லாமல் கைது செய்யப்படாமல் இருப்பது. இங்கே நிறுத்தியிருந்தால் அது சாதாரணப் பேச்சு. கடைசியில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். சொந்த வேலையிலும் சொந்தச் சுகத்திலும் மூழ்கிப்போய், ஆட்சியில் நம் பங்கை நாமே எளிதாக விட்டுக் கொடுத்துவிடுவோம், அதுதான் இக்காலத்தின் ஆபத்து என்றார். உறை வந்தும் திறக்காமல் பழைய பத்திரிகையோடு போட்டுவிடுகிற தம்பிமார் இதைக் கேட்க வேண்டும்.

அப்புறம், நூறு ஆண்டுகளைத் தாண்டி 1959க்கு வருவோம். பெப்ரவரி 1ஆம் தேதி, பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று சுவிஸ் ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்ற கன்டோன்கள், அதாவது மாநிலங்கள், மூன்றே மூன்று: ஜெனீவா, நெயுஷாத்தல், வோ. ரூசோ, வாட்டெல், கான்ஸ்டன்ட் மூவரின் சொந்த மண். இந்த மூவரால்தான் அப்படி நடந்தது என்று சொல்ல வரவில்லை, ஆனால் இதை முதலில் கவனித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பாசலைச் சேர்ந்த ஐரிஸ் ஃபொன் ரோட்டன் என்ற சட்டத்தரணி, பெண்களை, சிறு குழந்தைகளை விளையாட விடும் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தலைப்பிலேயே சொல்லும் ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலை எழுதினார். வாக்கு மட்டும் போதாது, வேலையும் சம்பளமும் வீட்டுச் சுமையும் உடலும் எல்லாம் சேர்ந்ததுதான் சுதந்திரம் என்றார். பாசல் கார்னிவலில் அவரைக் கேலிப் பொருளாக்கினார்கள். பெண்கள் அமைப்புகளே அவரிடமிருந்து விலகி நின்றன. அவர் கேட்டவற்றில் பல இன்று இங்கே சட்டம்.

அதே காலத்தில் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் ழான் ஹெர்ஷ் என்ற பெண்மணி தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். போலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோருக்கு 1910இல் ஜெனீவாவில் பிறந்தவர், அதாவது குடியேறிகளின் பிள்ளை. ஜெர்மனியில் கார்ல் யாஸ்பர்ஸ் என்ற தத்துவ அறிஞரிடம் படித்தார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததை ஒரு மாணவியாக நேரில் பார்த்தார். 1956இல் ஜெனீவாவில் பேராசிரியர் ஆனார். தன் கன்டோனில் வாக்களிக்க 1960 வரையும், நாட்டளவில் வாக்களிக்க 1971 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. ரூசோவைப் பற்றி வகுப்பெடுக்கலாம், ரூசோ சொன்ன மக்களில் ஒருத்தியாக இருக்க முடியாது!

1966இல் யுனெஸ்கோவின் தத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். மனித உரிமைப் பிரகடனத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி, உலகின் பல பண்பாடுகளிலிருந்தும் பல நூற்றாண்டுகளிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து 1968இல் ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார். 'மனித உரிமை' என்ற கருத்து எல்லா இடத்திலும் ஒரேபோல எழுதப்படவில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் "எனக்குச் சேர வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது, அதை மறுத்தால் நான் மனிதனாக இல்லாமல் போவேன்" என்ற உணர்வு எல்லா இடத்திலும் இருக்கிறது என்றார். அவருக்கு உரிமையின் வேர், மனிதன் பொறுப்போடு முடிவெடுக்கக் கூடியவன் என்பதில் இருந்தது. பெரும்பான்மை தந்ததால் வந்ததல்ல அது, ஆகவே பெரும்பான்மையால் எடுத்துவிடவும் முடியாது. மேற்கத்திய நாடுகளின் சரக்கு என்று மனித உரிமையை ஒதுக்குபவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2000 மார்ச்சில் லுட்சேர்ன் கன்டோனின் எம்மன் என்ற ஊரில், யாருக்குக் குடியுரிமை கொடுக்கலாம் என்று வாக்குப்பெட்டி வைத்துத் தீர்மானித்தார்கள். இத்தாலியப் பின்னணி கொண்டவர்களை ஏற்றுக்கொண்டு, பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை நிராகரித்தார்கள். 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஒருவரின் விண்ணப்பத்தை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், இரகசிய வாக்கு காரணம் சொல்லாது, பாகுபாட்டுக்கும் இடம் கொடுக்கிறது என்றது. உடனே கோபம் எழுந்தது. மக்கள்தானே இறைமை, நீதிபதிகள் யார் என்று கேட்டார்கள். அந்தத் தீர்ப்பை மாற்ற ஒரு முன்மொழிவு 2008இல் நாடு முழுவதும் வாக்களிப்புக்கு வந்தது. கிட்டத்தட்ட 64 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். மக்கள் தங்கள் வாக்கினாலேயே தங்கள் அதிகாரத்துக்கு எல்லை போட்டார்கள். ரூசோ கேட்ட வாக்கும் கான்ஸ்டன்ட் கேட்ட எல்லையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்தன.

மீதி இருப்பது நம்முடைய கேள்வி. இந்த நாட்டில் வாழ்பவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். கூட்டாட்சி வாக்களிப்பில் அவர்களுக்கு இடம் இல்லை. ஜூரா கன்டோன் 1979இல் உருவானபோதே வெளிநாட்டவருக்கும் வாக்குக் கொடுத்தது. ரூசோவின் வீட்டுக்குக் கல் எறிந்த மோட்டியே இருக்கும் நெயுஷாத்தல் கன்டோனிலும், நிரந்தர வதிவிட அனுமதியோடு ஐந்து ஆண்டு அங்கே வாழ்ந்தவர் கன்டோன் விவகாரங்களில் வாக்களிக்கலாம். பேர்ண் கன்டோனில், விரும்பும் கெமைண்டே, அதாவது ஊராட்சி, மட்டும் அப்படிக் கொடுக்கலாமா என்று 2010இல் கேட்டார்கள். 70 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். 1959இல் பெண்களைப் பற்றி ஆண்களிடம் மட்டும் கேட்டதுபோல, இதையும் வாக்கு உள்ளவர்களிடம் மட்டும்தான் கேட்டார்கள். அது நியாயமா? என் கருத்து, நியாயம் இல்லை என்பது. ரூசோ பக்கம் நின்று இதை மறுக்க விரும்புபவர்கள் இங்கே இருந்தால், முதல் கேள்வியை அவர்களே கேட்கட்டும்.

நன்றி. வணக்கம்.