நீலக் கரைசல் சொல்லாதது

நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை நோய். காலையில் சோதனைக் குழாயை எடுத்து, நீல நிற பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் அம்மா சோற்றைக் குறைத்துவிடுவார்.

ஆனால் ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். குறைந்துபோனால் அந்தக் குழாய் காட்டவே காட்டாது. ஒரு ராத்திரி அப்பா உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி உட்கார்ந்திருந்தார். கூடியதா, குறைந்ததா என்று தெரியாமலேதான் அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். நல்லவேளை, அதுவே சரியாக இருந்தது.

இன்று இதை நொடிகளில் சொல்லிவிடும் கருவிகளுக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க். ஒஹாயோ மாநிலத்து எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி ஒன்றைச் செய்து, ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினார். வெளியே வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கவில்லையே என்று திருப்பிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். சரி, அளக்கும் கருவியையும் நாமே செய்வோம் என்று இறங்கினார்.

பிளாட்டினம் முனையால் ஆக்சிஜனை அளக்கலாம்; ஆனால் ரத்தத்தில் வைத்தால் புரதம் படிந்து கெட்டுவிடும். 1954இல் அதன் மேல் மெல்லிய பாலிதீன் படலத்தைப் போர்த்தினார். ஆக்சிஜன் நுழைந்தது, புரதம் வெளியிலேயே நின்றது.

அப்புறம் 1962இல், சாம்ப் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து, அதே முனையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை, அதாவது வேதிமாற்றத்தைத் தூண்டும் உயிர்ப்பொருளை, படலங்களுக்கு நடுவே அடைக்கும் யோசனையை வெளியிட்டார். நொதி குளுக்கோஸை மாற்றும்போது ஆக்சிஜன் செலவாகும். எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் சர்க்கரை அளவு தெரிந்துவிடும். எத்தனையோ பொருள் கலந்த ரத்தத்தில் ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்க நொதியைவிடக் கெட்டிக்கார ஆள் ஏது! இப்படி உயிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் பயோசென்சார் என்ற துறையே இங்கிருந்துதான் கிளைத்தது.

2005இல் அமெரிக்க தேசியப் பொறியியல் அகாடமி அவருக்கு ரஸ் பரிசு வழங்கியது. அதே ஆண்டு, 86 வயதில் காலமானார்.

இப்போது என் தங்கைக்கும் சர்க்கரை. மேல்கையில் நாணயம் அளவில் ஒரு வில்லை. அதிலிருந்து தோலுக்கடியில் இறங்கும் மெல்லிய இழையில் அதே நொதி. அந்த வில்லையின் விலை ஏழை வீட்டுக்கும் எட்ட வேண்டும் என்பது என் பெரிய ஆசை. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கியதும், வில்லை அனுப்பிய தகவலால் அவள் போன் சத்தம் போட்டது. எழுந்தாள், ஒரு டம்ளர் பழச்சாறு குடித்தாள், திரும்பவும் படுத்துக்கொண்டாள்.

நன்றி, வணக்கம்.